சின்னக் குழந்தை இருக்கும்போது துறை மாறுவது: நான்கு வழிகள், எது யாருக்கு?

"வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகப் படித்துவிடட்டுமா, இல்லை வேலையில் இருந்துகொண்டே சமாளிக்கட்டுமா?" குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு துறை மாற நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இடையில் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. துறை மாற்றம் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பகுதி தனியாளுக்குப் பொருந்துபவை. தனியாளுக்குக் கையில் காசு தீர்ந்தால் சிக்கல். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் காசுக்கு முன்னால் தீர்ந்துபோவது நேரம். அதனால் இங்கே ஒவ்வொரு வழிக்கும் காசுக் கணக்கோடு மணிக் கணக்கையும் சேர்த்தே போட்டுப் பார்க்கிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும். சேமிப்பு முழுவதையும் எண்ணாதீர்கள். ஒரு வாரத்துக்குள் கைக்கு எடுக்கக்கூடிய பணம் மட்டும்தான் கணக்கில் வரும். அதிலிருந்து பயிற்சிக் கட்டணத்தைக் கழித்து, மிச்சத்தை மாதாமாதம் விழப்போகும் துண்டால் வகுக்க வேண்டும். கட்டாயச் செலவிலிருந்து உறுதியான வருமானத்தைக் கழித்தால் வருவதுதான் துண்டு. வாடகை, கடன் தவணை, காப்பகக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், சாப்பாடு, போக்குவரத்து, மருந்து எல்லாம் கட்டாயச் செலவு. வருடத்துக்கு ஒரு தடவை வருகிற செலவுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றை 12-ஆல் வகுத்து இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மெண்டை வைத்துக்கொண்டு எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் தொகை குறைவாகத்தான் வரும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இடையூறில்லாமல் கிடைக்கும். குழந்தை 8:30-க்குத் தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம், மடிக்க வேண்டிய துணி, மறுநாள் பை எல்லாம் முடிய 9:15. அதிலிருந்து 10:45 வரை படிக்கலாம். அதற்கு மேல் போனால் மறுநாள் வேலை கெடும். ஆக, ஓர் இரவுக்கு 1½ மணி. ஐந்து இரவும் கிடைக்கும் என்று நினைத்துத் திட்டம் போடுவதுதான் முதல் தவறு. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் அலுவலகத்தில் தாமதம் என்று இரண்டு இரவு போய்விடும். மூன்று இரவுக்கு 4½ மணி, வார இறுதியில் ஒரே மூச்சில் 4 மணி. மொத்தம் 8½ மணி. இதற்கு மேல் கிடைப்பது உபரி. அதை நம்பிக் கட்டணம் கட்டக் கூடாது.

குழந்தையின் வயது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பகல் தூக்கமும் சேர்த்து 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு நாளுக்கு 12–16 மணி, 1–2 வயதில் 11–14 மணி, 3–4 வயதில் 10–13 மணித் தூக்கம் வேண்டும். 'அது தூங்கும்போது நாம் படித்துக்கொள்ளலாம்' என்று இந்த எண்களைப் பார்த்தால் தோன்றும். முதல் வயதில் அந்தத் தூக்கம் துண்டு துண்டாக வரும்; எது எப்போது கலையும் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு இரவு ஓரளவு ஒழுங்காகிவிடும். மூன்று வயதுக்கு மேல் பல குழந்தைகள் பகலில் தூங்குவதையே நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று சளி, காய்ச்சல். சின்னக் குழந்தைக்கு ஆண்டில் 6–8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். காப்பகத்தில் புதிதாகச் சேர்த்த முதல் வருடம் இன்னும் அதிகமாக வரும்.

வேலையோடு ஒட்டிவரும் பாதுகாப்பு. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு கூடிய விடுப்பு, மகப்பேறு விடுப்புக்கான தகுதி, சம்பளச் சீட்டைக் காட்டி வாங்கும் கடன் எல்லாம் இதில் வரும். வேலை போகும் நாளில் இவையும் சேர்ந்தே போகும்.

பின்வாங்க வழி. ஆறு மாதம் கழித்து, இது நமக்கு ஒத்துவராது என்று தெரிந்தால் என்ன மிஞ்சும்?

துணைவர் தலையில் ஏறும் பாரம். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அது யார், எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதினால்தான் கணக்கு உண்மையாகும்.

## முதல் வழி: அதே நிறுவனத்துக்குள் வேறு துறை

குழந்தைக்கு இரண்டு வயது ஆகாத வீட்டுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். சம்பளம், காப்பீடு, சேர்ந்த விடுப்பு எதுவும் கைவிட்டுப் போகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சேமிப்பும் இருக்கிறது: நீங்கள் 5:30-க்குக் காப்பகத்துக்கு ஓட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் பழகியிருக்கும். புது நிறுவனத்தில் அந்தப் புரிதலை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும்.

எச்.ஆரிடம் விண்ணப்பத்தோடு போவதற்கு முன், போக விரும்பும் பிரிவின் மேலாளரிடம் வாரம் 3–4 மணிக்கான ஒரு சின்ன வேலை கேட்டு வாங்கிச் செய்யுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உங்களுக்கு அந்த வேலை பிடிக்கிறதா என்று உங்களுக்குத் தெரியும். முடிகிறதா என்று அவருக்குத் தெரியும். பல நிறுவனங்களில் இப்போதைய பொறுப்பில் குறைந்தது ஓராண்டு இருந்திருக்க வேண்டும், இப்போதைய மேலாளரும் சம்மதிக்க வேண்டும் என்று விதி இருக்கும். அதை முன்னாலேயே படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. புது வேலை வந்துவிடும், பழைய வேலை விட்டுப்போகாது. 'ஆள் கிடைக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார்கள், அது மாதக் கணக்கில் நீளும், குழந்தைக்கான மாலை நேரம் முழுவதும் அதில் கரையும். பழைய பொறுப்பை யாரிடம், எந்தத் தேதியில் ஒப்படைப்பது என்று மின்னஞ்சலில் உறுதி வாங்கிய பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பள உயர்வு பெரும்பாலும் உடனே வராது. அடுத்த மதிப்பீட்டின்போது புது பொறுப்பை வைத்துப் பார்ப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் போக விரும்பும் துறை உங்கள் நிறுவனத்தில் இல்லாவிட்டால், பாதி பழையது பாதி புதியதாக இருக்கும் இடைப்பட்ட வேலையைப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் நிதி அறிக்கைகள் வழியாகத் தரவுப் பகுப்பாய்வுக்குப் போகலாம். செவிலியர் மருத்துவமனை மென்பொருள் நிறுவனத்தில் பயனர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்குப் போகலாம். ஆசிரியர் பாடத்திட்டம் தயாரிக்கும் இடத்துக்குப் போகலாம். பழைய அனுபவத்துக்கு அங்கே விலை இருப்பதால் சம்பளம் அவ்வளவாகச் சரியாது.

## இரண்டாம் வழி: வேலையோடு சேர்த்துப் படிப்பது

பெரும்பாலோர் எடுக்கும் வழி இது. பாதியில் நின்றுபோவதும் இதில்தான் அதிகம். ஏன் நிற்கிறது என்பது மணிக் கணக்கில் தெரிந்துவிடும்.

300 மணி நேரப் படிப்பை 'ஆறு மாதம்' என்று விளம்பரம் செய்வார்கள். வாரம் 12 மணி படித்தால் 25 வாரம். அதனால் ஆறு மாதம். உங்களிடம் இருப்பதோ 8½ மணி. அதில் 35 வாரம் ஆகும். நோய், பயணம், அலுவலக நெருக்கடி எல்லாம் போக ஆண்டின் 52 வாரத்தில் 40 வாரம் உருப்படியாகக் கிடைக்கும் என்று வைத்தால், காலண்டரில் அது பத்தரை மாதம். ஆறு மாதம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பத்தரை மாதம் இழுத்தால், ஏழாவது மாதத்தில் சண்டை வரும். முதலிலேயே பதினொரு மாதம் என்று சொல்லிவிடுவது நல்லது.

வழக்கமாக உடைவது இப்படி: நான்கு வாரம் ஒழுங்காகப் போகும். ஐந்தாவது வாரம் குழந்தைக்குச் சளி, அடுத்த வாரம் அதே சளி உங்களுக்கு. மற்றவர்கள் இரண்டு பாடம் முன்னால் போய்விடுவார்கள். அதோடு திரும்பி உட்கார மனம் வராது. கட்டணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்:

- இடையில் நிறுத்திவைத்துத் தொடர முடியுமா, எத்தனை வாரம் வரை?
- வகுப்புப் பதிவுகளைப் படிப்பு முடிந்த பிறகும் பார்க்கலாமா?
- தேர்வைத் தள்ளிப்போட்டால் அபராதம் உண்டா?
- தவணையாகக் கட்டலாமா, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும்?
- நேரடி வகுப்பு எத்தனை மணிக்கு? மாலை 7 முதல் 9 வரை என்றால் அது குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைக்கும் நேரம். ஒவ்வொரு வகுப்பும் துணைவர் தலையில்தான் விழும்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஆறு வாரம், இலவசமாகக் கிடைக்கும் பாடங்களை வைத்து, இதே கால அட்டவணைப்படி படித்துப் பாருங்கள். ஆறு வாரத்துக்கு 51 மணி வர வேண்டும். 40 மணிக்குக் கீழே வந்தால் அட்டவணை தப்பு. திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வார இறுதி நான்கு மணியை வீட்டுக்கு வெளியே, நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ வைத்துக்கொள்வது பெரிய வித்தியாசம் செய்யும். பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம் அம்மாவோ அப்பாவோ இருப்பது இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரியும். தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

மறைமுகச் செலவுகளில் பலர் யோசிக்காதது விடுப்பு. நேர்முகத் தேர்வுகள் வேலை நேரத்தில்தான் நடக்கும். நான்கு நிறுவனங்கள், ஆளுக்கு மூன்று சுற்று என்றால் 12 அரைநாள், அதாவது 6 நாள் விடுப்பு. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாட்களுக்கும் இதே விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். படிப்பு முடியும்போது கையில் 6 நாளாவது மிஞ்சும்படி பார்த்துக்கொள்ளாவிட்டால், தேடல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அனுபவத்துக்காக வெளியில் சின்ன வேலைகள் எடுத்துச் செய்ய நினைத்தால், உங்கள் பணி ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அலுவலகக் கணினியில் அந்த வேலையைச் செய்யவே கூடாது.

பகல்நேரச் செய்முறைப் பயிற்சி கட்டாயமாக இருக்கும் துறைகளுக்கு, உதாரணத்துக்குச் செவிலியம், ஆசிரியப் பயிற்சி, பட்டறைத் தொழில்கள், இந்த வழி பாதி தூரம்தான் கொண்டுபோகும். பாடம் முழுவதையும் இப்படி முடித்துவிட்டு, செய்முறைக் கட்டத்துக்கு மட்டும் கீழே உள்ள வழிகளில் ஒன்றுக்கு மாற வேண்டியிருக்கும்.

## மூன்றாம் வழி: வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வது

கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்று கேட்காமலே விடப்படும் வழி. வாரம் ஐந்து நாளை நான்காக்கினால் ஒரு முழுப் பகல் கிடைக்கிறது. அதில் 6 மணி படிப்புக்கு என்றால், இரவுகளிலும் வார இறுதியிலும் கிடைக்கும் 8½ மணி நேரத்தோடு சேர்த்து வாரம் 14½ மணி. முன்னே பத்தரை மாதம் ஆன அதே 300 மணிப் படிப்பு ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.

விலை 20 சதவீதச் சம்பளம். படிநிலை வரி உள்ள இடங்களில் கைக்கு வரும் தொகை 20 சதவீதத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே குறையும். ஆனால் போனஸ், ஓய்வூதியப் பங்களிப்பு போன்றவை அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டால் அவையும் சேர்ந்து குறையும். குறிப்பிட்ட மணி நேரத்துக்குக் கீழே போனால் மருத்துவக் காப்பீடே கிடையாது என்ற விதியும் சில இடங்களில் உண்டு. சம்மதிக்கும் முன் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, சம்பளம் 80 சதவீதமாகும், வேலை 100 சதவீதமாகவே இருக்கும். எந்தெந்த வேலை உங்கள் கையிலிருந்து போகிறது என்று பட்டியல் போட்டுத் தர வேண்டும். இரண்டு, 'அந்த ஒரு நாள்தான் வீட்டில் இருக்கிறோமே' என்று காப்பகத்தை நிறுத்திவிடுவது. நிறுத்தினால் அந்த நாள் துணி, சமையல், குழந்தை என்று போய்விடும், படிப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆறு மாதச் சோதனை என்றும், அதன் முடிவில் முழுநேரத்துக்குத் திரும்பும் உரிமை உண்டு என்றும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## நான்காம் வழி: விட்டுவிட்டு முழுநேரமும் படிப்பது

ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 60, மற்றவருக்கு 40. கட்டாயச் செலவு 70. அதில் காப்பகம் 15. கையிருப்பு 360, பயிற்சிக் கட்டணம் 60. அறுபது சம்பாதிப்பவர் வேலையை விடுகிறார்.

வருமானம் 40, செலவு 70, மாதத் துண்டு 30. கட்டணம் போக மிச்சம் 300. ஆக, 10 மாதம் தாங்கும். பயிற்சி ஆறு மாதம்தானே, நான்கு மாதம் உபரி இருக்கிறதே என்று தோன்றும். வேலை தேட ஐந்து மாதம், சேர்ந்த பிறகு முதல் சம்பளம் வர ஒரு மாதம் என்று வைத்தால் மொத்தம் 12 மாதம். கடைசி இரண்டு மாதத்துக்குப் பணம் இல்லை. அதனால்தான் ஒன்பதாவது மாதத்தில் கிடைத்த முதல் வேலையைக் கிடைத்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டிவருகிறது. அந்தக் குறைந்த சம்பளம் அடுத்தடுத்த வேலைகளிலும் பேரத்தின் தொடக்கப் புள்ளியாகிவிடும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் யோசனை, 'நான்தான் வீட்டில் இருக்கிறேனே, காப்பகத்தை நிறுத்திவிடலாம்' என்பது. துண்டு 30-இலிருந்து 15 ஆகும். 300-ஐ 15-ஆல் வகுத்தால் 20 மாதம். பிரச்சினை தீர்ந்தது போலிருக்கும். ஆனால் முழுநேரப் பயிற்சி என்பது வாரம் 30 மணி, 26 வாரம், 780 மணி. குழந்தையைப் பார்த்துக்கொண்டு வாரம் 12 மணி படிப்பதே பெரிய காரியம். 780-ஐ 12-ஆல் வகுத்தால் 65 வாரம், அதாவது 15 மாதம். நோய் வாரங்களை இன்னும் கழிக்கவில்லை. தேடல் 5, முதல் சம்பளத்துக்கு 1, மொத்தம் 21. கையிருப்போ 20. காப்பகத்தை நிறுத்தியும் துண்டு விழுகிறது, ஒன்பது மாதமும் வீணாகிறது. விட்டுவிட்டுப் படிப்பதென்றால் காப்பகக் கட்டணம் படிப்புச் செலவின் ஒரு பகுதி என்றே எண்ண வேண்டும்.

அதே குடும்பம் மூன்றாம் வழியில் போனால், சம்பளம் 12 குறைந்து வருமானம் 88. செலவு 70. துண்டே இல்லை, மாதம் 18 மிஞ்சும். 780 மணிப் பயிற்சி 16 மாதம் ஆகும், உண்மைதான். ஆனால் அந்தப் 16 மாதமும் காப்பீடு இருக்கும், கையிருப்பில் பயிற்சிக் கட்டணத்தைத் தவிர வேறெதற்கும் கைவைக்க வேண்டியதில்லை.

முழுநேரம் சரியான தேர்வாக அமையும் சூழல்களும் உண்டு. துணைவரின் சம்பளத்திலேயே கட்டாயச் செலவு முழுவதும் அடங்கினால். துறைக்கு உரிமம் வேண்டும், அதற்கு முழுநேரச் செய்முறைப் பயிற்சி தேவை என்றால். ஆட்குறைப்பில் பெரிய தொகை கைக்கு வந்திருந்தால். இப்போதைய வேலை உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தால். கடைசிக் காரணம் இருக்கும்போது கணக்கு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் விடுவதே சரி.

விடுவதற்கு முன், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே, குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பல பாலிசிகளில் சில நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அது சீக்கிரம் ஓடத் தொடங்கட்டும். வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறதென்றால் முன்னாலேயே புதுப்பித்துக்கொள்ளுங்கள். கையிருப்பு பாதியாகும் மாதத்தைக் காலண்டரில் குறித்து, அன்றிலிருந்து பழைய துறையிலும் தற்காலிக வேலை தேடுவது என்று இருவரும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். பணம் தீர்ந்துகொண்டிருக்கும்போது அந்த முடிவை நிதானமாக எடுக்க முடியாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உள்ளேயே மாறுவது | வேலையோடு படிப்பது | நேரம் குறைப்பது | விட்டுவிட்டுப் படிப்பது |
|---|---|---|---|---|
| வாரப் படிப்பு நேரம் | 3–4 மணி, வேலை நேரத்திலேயே | 8½ மணி | 14½ மணி | 30 மணி, காப்பகம் இருந்தால் |
| வருமானம் | மாறாது | மாறாது | ஐந்தில் ஒரு பங்கு குறையும் | ஒருவர் சம்பளம் நிற்கும் |
| காப்பீடு, விடுப்பு | தொடரும் | தொடரும். விடுப்பு கரையும் | விதியைப் பார்க்க வேண்டும் | போய்விடும் |
| துணைவரின் பாரம் | குறைவு | இரவும் வார இறுதியும் | மிதம் | பணப் பாரம் முழுவதும் |
| பின்வாங்குவது | எளிது | எளிது | எழுத்தில் இருந்தால் எளிது | கடினம் |
| கெடுகிற இடம் | பழைய வேலை ஒட்டிக்கொள்வது | ஐந்தாவது வாரம் | காப்பகத்தை நிறுத்துவது | வேலை தேடும் மாதங்கள் |

## சில தனிச் சூழல்கள்

தனியாகக் குழந்தை வளர்ப்பவர்கள். வாரம் 8½ மணி நேரம் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. வார இறுதி நான்கு மணிக்கு ஆள் கிடைப்பதே சந்தேகம். வாரம் 4 மணி என்று வைத்துக்கொண்டு முதல் வழியையோ இடைப்பட்ட வேலையையோ முயல்வதுதான் பாதுகாப்பு. மேலே பார்த்த 12 மாதத்துக்கான செலவு கையில் சேராமல் நான்காம் வழியை யோசிக்கக் கூடாது.

இன்னொரு குழந்தைக்குத் திட்டம் இருந்தால். பல இடங்களில் மகப்பேறு விடுப்புக்குத் தகுதி பெற, அதே நிறுவனத்தில் குறிப்பிட்ட காலம் பணிபுரிந்திருக்க வேண்டும். நிறுவனம் மாறினால் அந்தக் காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். இதற்கு ஏற்ப மாற்றத்தை முன்னாலோ பின்னாலோ நகர்த்த வேண்டும்.

இருவருமே மாற விரும்பினால். ஒரே நேரத்தில் வேண்டாம். முதலில் யார், எந்த மாதம் வரை, அது இழுத்தால் என்ன செய்வது என்று எழுதிவைத்து முறை போட்டுக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் இரண்டாமவர் முறை வராமலே போய்விடும். அது பெரும்பாலும் அம்மாவின் முறையாக இருப்பதைப் பார்க்கிறோம்.

## விலகும் தேதியைக் குறிக்கும்போது

நான்காம் வழியில் போகாதவர்கள், புது வேலைக்கான கடிதம் எழுத்தில் வரும் வரை ராஜினாமா கொடுக்காதீர்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள், மீதி விடுப்புக்குப் பணம் உண்டா, போனஸ் எந்தத் தேதியில் பணியில் இருப்பவர்களுக்கு வரும் என்று பார்த்துவிட்டுத் தேதி சொல்லுங்கள். இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் ஆண்டு போனஸ் கைக்கு வரும் என்றால், அந்த இரண்டு வாரத்தைப் புது நிறுவனத்திடம் கேட்பதில் தவறில்லை.

புது இடத்தில் தகுதிகாண் காலத்தில் விடுப்பு உண்டா, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுவார்களா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். அந்தச் சில மாதங்களில் காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் இருப்பது என்று துணைவரோடும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தையைப் புதுக் காப்பகத்தில் சேர்க்க வேண்டியிருந்தால், நீங்கள் வேலையில் சேரும் தேதிக்கு நான்கு வாரம் முன்னால் சேர்த்துவிடுங்கள். பழகும்வரை முதல் சில நாள் ஒரு மணி, இரண்டு மணி என்றுதான் விட முடியும். முதல் சளியும் முடிந்தால் அந்த நான்கு வாரத்துக்குள்ளேயே வந்து போகட்டும்.